எச்.பி.வி. பாசிட்டிவ், செல்கள் நார்மல். ஒரு வருடம் கழித்து வரச் சொல்கிறார்கள். சும்மா இருக்கலாமா?

சாம்பல்சிட்டு

வணக்கம். பல வருடமாக இங்கே வாசகி மட்டும்தான். இது முதல் பதிவு. வயது 41.

எந்தத் தொந்தரவும் இல்லை. நாற்பது தாண்டியாயிற்றே, ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போனேன். நேற்று ரிப்போர்ட் வந்தது. எச்.பி.வி. 16 இல்லை. எச்.பி.வி. 18 இல்லை. பிற உயர் அபாய வகைகள்: உள்ளது. அதற்குக் கீழே, செல்களில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று ஒரு வரி. டாக்டர் இரண்டு நிமிடம் பேசினார். "பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வருடம் கழித்து வாங்க" என்று அனுப்பிவிட்டார். தடித்த எழுத்தில் 'உயர் அபாயம்' என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் பயப்படாதே என்றால் எப்படி?

முதல் கேள்வி: இது புற்றுநோயின் ஆரம்பமா? ஒரு வருடம் ஒன்றும் செய்யாமல் இருப்பது சரியா?

இரண்டாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. திருமணமாகி 16 வருடம். எனக்கு வேறு யாரும் இருந்ததில்லை. இது உடலுறவில் பரவுகிற வைரஸ் என்று படித்ததிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரிப்போர்ட்டை இன்னும் அவரிடம் காட்டவில்லை. பழைய மின்கட்டண ரசீதுகள் இருக்கும் கோப்புக்குள் செருகி வைத்திருக்கிறேன்.

நுண்ணோக்கி

சாம்பல்சிட்டு, முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் டாக்டர் இல்லை. செல் ஆய்வகத்தில் 19 வருடமாக ஸ்லைடு பார்க்கிற ஆள். உங்கள் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ரிப்போர்ட்டின் பாஷையை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

'உயர் அபாயம்' என்பது வைரஸுக்கு வைத்த பெயர். உங்களுக்கு வைத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்.பி.வி., அதாவது ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சிறு பிள்ளைகளின் விரலில் வரும் மருகூட இந்தக் குடும்பத்தின் வேலைதான். 6, 11 என்று எண்ணிட்ட வகைகள் பிறப்புறுப்பில் மருவை உண்டாக்கும். புற்றுநோய்ப் பக்கம் அநேகமாகப் போகாது. புற்றுநோயோடு தொடர்புள்ளவை ஏறக்குறைய 14 வகைகள். அதிலும் 16, 18 இரண்டும்தான் பெரிய தலைகள். உலகம் முழுக்க வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டின் கணக்கு. அவை வந்திருந்தால் செல்கள் நன்றாக இருந்தாலும் பெரும்பாலும் உடனே கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு அனுப்பியிருப்பார்கள். உங்களுக்கு வந்திருப்பது மற்ற பன்னிரண்டில் ஏதோ ஒன்று, செல்களும் நார்மல். ஒரு வருடம் கழித்து வரச் சொன்னது அலட்சியம் இல்லை. இந்த முடிவுக்குப் பல நாட்டு வழிகாட்டுதல்களும் சொல்வது அதைத்தான்.

ஏன் ஒரு வருடம்? இந்தத் தொற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை அடக்கிவிடுகிறது. மருந்தும் கிடையாது, பெரும்பாலும் தேவையும் இல்லை. போகாமல் தங்கிவிடும் தொற்றுதான் கவலைக்குரியது. தங்குகிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் நாள் கடக்கவிட்டு மறுபடி பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படித் தங்கினாலும் அது புற்றுநோயாக மாற, நோயெதிர்ப்பு சக்தி சாதாரணமாக உள்ளவர்களுக்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே ஆகலாம். அவர்களுக்கு விதிகள் வேறு.

இரண்டாவது கேள்வி. என் மேஜைக்கு வருகிற ரிப்போர்ட்டுகளால் எத்தனை வீட்டில் சண்டை வந்திருக்கும் என்று சில நாள் யோசிப்பதுண்டு. இந்த வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஒடுங்கி, வருடக்கணக்காகத் தூங்கிக் கிடந்து, பிறகு தலைகாட்டும். நீங்கள் இதற்கு முன் இந்தப் பரிசோதனை செய்ததே இல்லை என்றால், வந்தது போன மாதமா, 16 வருடத்துக்கு முன்பா என்று உலகத்தில் எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. திருமணத்துக்கு முன் அவருக்கு ஒரே ஒருவரிடமிருந்து வந்து, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்து போகிறது. இந்தத் தாளை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது.

கேள்விக்குறி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், கல்லூரி மாணவன். சளி பிடிக்கும் வைரஸ் வந்து போகிறது, புற்றுநோய் தருவதில்லை. இது மட்டும் எப்படித் தருகிறது? புத்தகத்தில் 'ஈ6, ஈ7' என்று மட்டும் போட்டு முடித்துவிட்டார்கள்.

நுண்ணோக்கி

நல்ல கேள்வி தம்பி. இந்த வைரஸ் மிகச் சின்னது: சுமார் 8,000 எழுத்து நீளமுள்ள வட்டமான டி.என்.ஏ., எட்டோ ஒன்பதோ மரபணு, அவ்வளவுதான். தன்னைப் பிரதியெடுக்கத் தேவையான கருவிகள் அதனிடம் இல்லை. நம் செல் பிரிகிற நேரத்தில் அந்தக் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அது குடியிருப்பது தோலின் மேலடுக்கை நோக்கி முதிர்ந்து போகிற செல்களில். அவை பிரிவதை நிறுத்திவிட்டவை. தூங்கப் போகிற செல்லை எழுப்பி வேலை வாங்கினால்தான் வைரஸுக்குப் பிழைப்பு.

அதற்குத்தான் ஈ7 என்ற வைரஸ் புரதம். செல் கண்டபடி பிரியாமல் பிரேக் போட்டு வைத்திருக்கும் 'ஆர்.பி.' என்ற புரதத்தை அது செயலிழக்கச் செய்கிறது. பிரேக் போன செல் ஓட ஆரம்பிக்கும். இப்படி ஏதாவது கோளாறு நடந்தால் செல்லை நிறுத்தவோ, முடியாவிட்டால் சாகடிக்கவோ 'பி53' என்று ஒரு காவல்காரன் உண்டு. ஈ6 அந்தக் காவல்காரனைச் செல்லின் குப்பைக்கிடங்குக்கே அனுப்பி அழித்துவிடுகிறது. பிரேக்கும் இல்லை, காவலும் இல்லை.

இதுவரைக்கும்கூடப் புற்றுநோய் இல்லை, கவனி. சாதாரணத் தொற்றில் ஈ6, ஈ7 அளவோடுதான் உற்பத்தியாகும். அதைக் கட்டுப்படுத்துவது ஈ2 என்ற இன்னொரு வைரஸ் மரபணு. வருடக்கணக்காகத் தொற்று நீடிக்கும்போது சில செல்களில் வைரஸின் வட்டம் உடைந்து நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும். உடையும் இடம் பல நேரம் ஈ2-வாக அமைந்துவிடும். அப்புறம் ஈ6, ஈ7-ஐத் தட்டிக்கேட்க ஆள் இல்லை. பிழையோடு பிரிந்து, மேலும் பிழை சேர்ந்து, பல வருடத்தில் ஒரு செல் வழிதவறிப் போகிறது. வைரஸுக்கு இதனால் லாபமே இல்லை என்பதுதான் வேடிக்கை. அப்படிச் செருகிக்கொண்ட செல்லிலிருந்து பொதுவாகப் புது வைரஸ் வெளியே வருவதில்லை.

என் வேலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தொற்றிய செல்லில் உட்கருவைச் சுற்றி வெள்ளையாக ஒரு வெற்றிடம், கரண்டியால் சுரண்டி எடுத்தது போல. நடுவில் உட்கரு கருத்து, ஓரம் நெளிந்து, உலர்ந்த திராட்சை போலச் சுருங்கியிருக்கும். சில செல்லில் இரண்டு உட்கரு. 'கொய்லோசைட்' என்பது பெயர். கிரேக்கத்தில் 'குழிவு' என்ற சொல்லிலிருந்து வந்தது. முதன்முதலில் பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்று தோன்றியது. சொல்லக் கூடாதுதான்.

பழையபேனா

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். மாணவருக்காகக் கொஞ்சம் பழங்கதை.

1842-இல் ரிகோனி ஸ்டெர்ன் என்ற இத்தாலிய மருத்துவர் வெரோனா நகரத்தின் இறப்புப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். கருப்பைப் புற்றுநோய் திருமணமான பெண்களிடம் காணப்பட்ட அளவுக்குக் கன்னியாஸ்திரீகளிடம் இல்லை. உடலுறவோடு ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் குற்றவாளி கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1970-களில்கூட ஹெர்ப்பிஸ் வைரஸ்தான் காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். ஹெரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மானியர் மட்டும், இல்லை, இது மருவை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தின் வேலை என்று பிடிவாதமாக நின்றார். கட்டிகளில் தேடித் தேடி 1983-இல் 16-ஆம் வகையையும், அடுத்த வருடம் 18-ஆம் வகையையும் அவர் குழு பிரித்தெடுத்தது. 2008-இல் நோபல் பரிசு.

ஆய்வகங்களில் எழுபது வருடத்துக்கு மேலாக வளர்த்துவரும் 'ஹீலா' செல்கள் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து 1951-இல் அவரைக் கேட்காமலேயே எடுத்தவை. பிற்காலத்தில் அவற்றுக்குள் தேடியபோது உள்ளே இருந்தது எச்.பி.வி. 18. அவர் இறந்தும் அந்த ஈ6, ஈ7 இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

ஏன்எதற்கு

எல்லாம் சரி. பத்தில் ஒன்பது தானாகப் போய்விடும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் எதற்கு ஊரையே பரிசோதனைக்கு இழுத்து, பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டு? பயத்தை விற்கிற வியாபாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த அக்காவையே பாருங்கள். ஒரு நோயும் இல்லாமல் உள்ளே போனவர் தூக்கம் போய் வெளியே வந்திருக்கிறார். ஜப்பானில் இந்த ஊசியை அரசே நிறுத்தியது என்பதையும் இங்கே யாராவது சொல்வார்களா?

பழுப்புக்குடை

அந்தப் பத்தாவது ஆள் நான்தான்.

34 வயதில் எனக்கு 16-ஆம் வகை வந்தது. நிமிர்ந்து நடந்துகொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, ஒரு சொட்டு ரத்தப்போக்கோ வலியோ இல்லாமல் இருந்தேன். சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் 'சி.ஐ.என். 3' என்றார்கள். புற்றுநோய்க்கு முந்தைய படி. மேலடுக்கு முழுவதும் மாறிவிட்டது, ஆனால் அடியில் உள்ள சவ்வைத் தாண்டி இறங்கவில்லை. அந்த நிலையில் சிகிச்சை எடுக்காமல் விட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முப்பது வருடத்தில் புற்றுநோயாக மாறும் என்று என் டாக்டர் சொன்னார்.

சிகிச்சை என்ன தெரியுமா? மரத்துப்போக ஊசி. மெல்லிய கம்பி வளையத்தில் மின்சாரம் பாய்ச்சி, கெட்ட பகுதியை நெல்லிக்காய்த் துண்டு மாதிரி வழித்து எடுத்தார்கள். கருகிய வாசனை மட்டும் கொஞ்சம் வந்தது. கால் மணி நேரம். அன்று மாலையே வீடு. சில வாரம் பாரம் தூக்கக் கூடாது, உடலுறவு கூடாது, அவ்வளவுதான்.

என் அத்தைக்கு இதே இடத்தில் வந்தது புற்றுநோயாகவே தெரிந்தது. அவர் பரிசோதனைக்குப் போனதே இல்லை. கதிர்வீச்சு, கீமோ எல்லாம் பார்த்தோம். கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். சகோ, பயத்தை விற்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அத்தையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள்கள்தான் நினைவுக்கு வந்தன. கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுண்ணோக்கி

ஏன்எதற்கு கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண்களுக்கு இந்த வைரஸ் வருவதும் போவதும் சகஜம். அந்த வயதில் எல்லோரையும் சோதித்து, தானாக மறையப்போகிற மாற்றத்தையெல்லாம் வெட்டி எடுத்தால் கெடுதல்தான் மிஞ்சும். பிற்காலத்தில் குறைப்பிரசவ வாய்ப்புகூடக் கொஞ்சம் ஏறும். அதனால்தான் பொதுவான பெண்களுக்கு 30 வயதிலிருந்து எச்.பி.வி. பரிசோதனை, 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25-லிருந்து, 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்.

மீதிப் பாதியில் உடன்பாடு இல்லை. பத்தில் ஒன்று சின்ன எண்தான். ஆனால் வைரஸ் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிறதே, அந்தச் சின்ன பங்கே மலையாகிவிடுகிறது. 2022-இல் மட்டும் உலகில் சுமார் 6,60,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள்.

ஜப்பான் கதையை முழுதாகச் சொல்கிறேன். 2013 ஏப்ரலில் அங்கே வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தார்கள். சில சிறுமிகளுக்கு வலி, நடுக்கம் என்று செய்திகள் வந்தன. இரண்டே மாதத்தில் அரசு பரிந்துரைப்பதை நிறுத்தியது. ஊசி தடை செய்யப்படவில்லை, ஆனால் போட்டுக்கொள்வோர் கூட்டம் ஏறக்குறைய காலியாயிற்று. பிறகு நகோயா நகரத்தில் சுமார் 30,000 இளம்பெண்களின் பதில்களை வைத்து, அந்தச் செய்திகளில் வந்த 24 அறிகுறிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இருவரிடமும் அவை ஒரே மாதிரிதான் இருந்தன. 2022 ஏப்ரலில் அரசு மறுபடி பரிந்துரைக்கத் தொடங்கியது. அந்த ஒன்பது வருட இடைவெளியில் ஊசி போடாமல் வளர்ந்த பெண்கள்தான் இதில் நஷ்டப்பட்டவர்கள்.

ஏன்எதற்கு

நகோயா விவரம் எனக்குத் தெரியாது. சரி, பார்க்கிறேன். பழுப்புக்குடை அக்கா, மனதைப் புண்படுத்தும் எண்ணம் இல்லை.

ஆனால் இன்னொன்று. ஊசி உண்மையில் புற்றுநோயைக் குறைத்ததா, அல்லது ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறியது என்று மட்டும் காட்டுகிறார்களா? நோய் வர 20 வருடம் ஆகும் என்றால் இதற்குள் எப்படித் தெரியும்?

பழையபேனா

முதல் தடுப்பூசிக்கு 2006-இல் அனுமதி கிடைத்தது. இப்போது 20 வருடக் கணக்கு வந்துகொண்டிருக்கிறது. சுவீடனில் 10 முதல் 30 வயதுள்ள 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பதிவேடுகள் வழியாகப் பின்தொடர்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. எதிர்ப்பொருள் கணக்கு இல்லை ஐயா, புற்றுநோயையே எண்ணிய கணக்கு. ஸ்காட்லாந்தில் 2024-இல் வெளியிட்டது இன்னும் ஆச்சரியம்: 12, 13 வயதில் ஊசி முடித்த பெண்களில் ஊடுருவிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒருவருக்குக்கூடப் பதிவாகவில்லை.

ஊசிக்குள் வைரஸ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைரஸின் மேலோட்டில் இருக்கும் 'எல்1' என்ற ஒரே புரதத்தைத் தனியாகத் தயாரித்தால், 360 துண்டுகள் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தி வைரஸ் மாதிரியே ஒரு கூடாகிவிடும். உள்ளே டி.என்.ஏ. கிடையாது, தொற்ற வழியில்லை. நம் உடம்புக்கு அந்தக் கூடு போதும், நிஜ வைரஸின் முகம் மனப்பாடமாகிவிடும். 1991-இல் ஆஸ்திரேலியாவில் ஜியான் ஷோவும் இயன் ஃபிரேசரும் இந்தக் கூட்டை உருவாக்கிக் காட்டினார்கள். ஷோ 1999-இல் இறந்துவிட்டார். ஊசி வெளிவந்ததைப் பார்க்கவில்லை.

இரட்டைச்சடை

என் மகளுக்கு 11, மகனுக்கு 13. ஒரு ஊசியா, மூன்றா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மகனுக்கும் வேண்டுமா? அவனுக்குத்தான் கருப்பையே இல்லையே!

நுண்ணோக்கி

முன்பு மூன்று, பிறகு சிறு வயதினருக்கு இரண்டு. 9 முதல் 20 வயது வரை ஒன்றோ இரண்டோ போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நோயெதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஒன்று போதாது. குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. உங்கள் நாட்டு அட்டவணை எதுவோ அதைப் பின்பற்றுங்கள். 11 நல்ல வயது. வைரஸை உடம்பு சந்திக்கும் முன்பே போட வேண்டிய ஊசி இது. ஏற்கெனவே உள்ள தொற்றை விரட்டாது. ஊசி போட்டவர்களும் பெரியவர்களானதும் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் எல்லா வகைகளும் ஊசியில் அடங்கவில்லை.

மகனைப் பற்றி நான் சொல்வதைவிட, இங்கே சொல்ல வேண்டியவர் வேறொருவர் இருக்கிறார். கரகரகுரல் அண்ணா, இழையைப் பார்த்தீர்களா?

கரகரகுரல்

பார்த்தேன். பெண்கள் பேசுகிற இடம் என்று ஒதுங்கியிருந்தேன்.

தங்கை, உங்கள் மகனுக்குக் கருப்பை இல்லை, ஆனால் தொண்டை இருக்கிறது. எனக்கு 52 வயதில் ஒரு காலை சவரம் செய்யும்போது கழுத்தில் வலது பக்கம், தாடைக்குக் கீழே, விரலில் ஒரு உருண்டை தட்டுப்பட்டது. வலியில்லை. தொண்டையும் நன்றாக இருந்தது. நெறிகட்டியிருக்கும் என்று மூன்று மாதம் விட்டேன். கரையவில்லை. ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய். தொடங்கிய இடம் டான்சில், அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியவே இல்லை. நான் புகைத்ததும் இல்லை, குடித்ததும் இல்லை. 'எனக்கா?' என்றுதான் கேட்டேன். திசுவில் 'பி16' என்று ஒரு சோதனை செய்து, இது எச்.பி.வி.யால் வந்தது என்றார்கள்.

டான்சிலிலும் அடிநாக்கிலும் வருகிற இந்தப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம். கருப்பைவாய்க்கு இருப்பது போல முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை இதற்குக் கிடையாது. ஒரே நல்ல சேதி, புகையிலையால் வரும் தொண்டைப் புற்றுநோயைவிட இது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். டாக்டர் அதைச் சொன்னபோது லாட்டரி அடித்தவன் மாதிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் சிகிச்சை சும்மா இல்லை. வெந்நீரில் நனைத்து மெத்தென்று ஆக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்து அழுத்துவார்கள். சில நிமிடத்தில் முகத்தின் அச்சாக இறுகிவிடும். ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், அந்த முகமூடியோடு என்னை மேஜையில் பூட்டிக் கதிர்வீச்சு. நான்காவது வாரம் எச்சில் நின்றுபோயிற்று. ஆறு வருடம் ஆகிறது. இன்னும் தண்ணீர்ப் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லை. பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.

தொண்டை மட்டும் இல்லை. ஆசனவாய்ப் புற்றுநோயில் சுமார் 90 சதவீதத்துக்கு இந்த வைரஸ்தான் காரணம். ஆண்குறி, யோனி, பெண்குறிப் புற்றுநோய்களிலும் ஒரு பங்கு இதற்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் 2013-லிருந்தே பையன்களுக்கும் பள்ளியில் போடுகிறார்கள். உங்கள் மகனுக்குப் போடுங்கள்.

இரட்டைச்சடை

அண்ணா, படித்துவிட்டு அவனைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். தூங்குகிறான். போட்டுவிடுகிறேன்.

மட்டுறுத்துநர்

மூலிகைச் சூரணத்தால் 45 நாளில் எச்.பி.வி. நெகட்டிவ் ஆகும் என்று தொலைபேசி எண்ணோடு வந்த பதிவை நீக்கியிருக்கிறேன். பத்தில் ஒன்பது பேருக்குத் தானாகவே போகிற தொற்றுக்கு எந்தப் பொடியைக் கொடுத்தாலும் பத்தில் ஒன்பது பேர் சாட்சி சொல்வார்கள். இழை தொடரலாம்.

கேள்விக்குறி

மட்டுறுத்துநருக்கு ஒரு விசில்!

ஆணுறை போட்டால் வராதா?

நுண்ணோக்கி

குறையும், முழுதாக நிற்காது. தோலும் தோலும் படுவதால் பரவுகிறது. ஆணுறை மூடாத இடமும் உண்டே. மற்ற நோய்களுக்காகவும் போடுவது நல்லதுதான். புகைபிடித்தலை விட்டால் இன்னும் நல்லது. புகைப்பவர்களிடம் தொற்று தங்கிவிடுவது அதிகம்.

சாம்பல்சிட்டு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன்.

நேற்று இரவு கோப்பை எடுத்து அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முதலில் அவர் கேட்டது, "உனக்குப் புற்றுநோயா?" என்று. குரல் நடுங்கியது. நான் இல்லை என்று விளக்க ஆரம்பித்து, நுண்ணோக்கி எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். தூங்கிக் கிடக்கும் வைரஸ் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். திருமணத்துக்கு முன் ஒருத்தியை விரும்பியதாக அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். நான் மேலே கேட்கவில்லை. அவராகவே, "அப்படியானால் என்னால்தானோ?" என்றார். யாராலும் இருக்கலாம், எப்போதும் தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

அவருக்குப் பரிசோதனை எடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

நுண்ணோக்கி

ஆண்களுக்கு இதற்கென்று அங்கீகரித்த வழக்கமான பரிசோதனை கிடையாது. இருந்தாலும் முடிவை வைத்துச் செய்ய ஒன்றும் இல்லை. மருவோ ஆறாத புண்ணோ கழுத்தில் கட்டியோ இருந்தால் டாக்டரைப் பார்க்கட்டும். மற்றபடி, அடுத்த வருடத் தேதியை அவர் போனிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

சாம்பல்சிட்டு (13 மாதம் கழித்து)

இழையை மேலே கொண்டுவருகிறேன். வைரஸ் போகவில்லை, மறுபடியும் 'பிற வகைகள்: உள்ளது'. இந்தத் தடவை நான் அழவில்லை, அவர்தான் முகம் வாடிப்போனார்.

கால்போஸ்கோபிக்கு அனுப்பினார்கள். ஸ்பெகுலம் போட்டு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் தோய்த்த பஞ்சை வைத்தார்கள், வினிகர் வாசனை. திரை என் பக்கம் திரும்பியிருந்தது. இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் ஒரு நிமிடத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளை படர்ந்தது. அங்கே ஒரு சின்னக் கிள்ளல் எடுத்தார்கள். மாதவிடாய் வலி மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பயாப்ஸியில் 'சி.ஐ.என். 1' என்று வந்திருக்கிறது. சிகிச்சை இப்போது வேண்டாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். மறுபடியும் அதே வாக்கியம்!

பழுப்புக்குடை

1 என்பதை என் 3-ஓடு சேர்த்துப் பார்க்காதீர்கள் தோழி. தொற்று இருக்கிறது, மேலடுக்கின் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் மாற்றம் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் தானாகவே சரியாகும். தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நுண்ணோக்கி

அதேதான். ஒன்று மட்டும் பாருங்கள். கருப்பைவாயில் இரண்டு வகைத் தோல் சந்திக்கும் வளையம் ஒன்று உண்டு, 'உருமாற்றப் பகுதி' என்போம். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வயதாக ஆக அது உள்ளே ஏறிக்கொள்ளும். அப்போது கால்போஸ்கோபியில் முழுதாகத் தெரியாது, காத்திருக்கச் சொல்வதற்கு முன் இன்னும் சோதிக்க வேண்டியிருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வளையம் முழுவதும் தெரிந்ததாக எழுதியிருக்கிறார்களா?

சாம்பல்சிட்டு

இருங்கள், அவர்தான் தேடுகிறார். இந்த முறை மின்கட்டணக் கோப்பில் இல்லை, மேஜை மேலேயே இருக்கிறது.

இருக்கிறது. மூன்றாவது வரி. 'உருமாற்றப் பகுதி முழுமையாகத் தெரிந்தது.'